58 வயதில் 21 கிமீ: கெண்டைக்கால் அடிக்கடி பிடிக்கிறது, அட்டவணையை எப்படி மாற்றுவது?

சமாதானபுரம்58 (கேள்வி)

வயது 58, எடை 68 கிலோ, ஊர் பாளையங்கோட்டை. இன்னும் வேலையில் இருக்கிறேன். 10 கிமீ 61 நிமிடம். வருகிற ஜனவரி சென்னை மாரத்தானில் 21.1 கிமீ பிரிவுக்குப் பெயர் கொடுக்க எண்ணம். 2 மணி 15 நிமிடத்துக்குள் முடிக்கணும். சுமார் 20 வாரம் கையில் இருக்கிறது.

இப்போது வாரம் 6 நாள், மொத்தம் 40 கிமீ ஓடுகிறேன். செவ்வாயும் வியாழனும் ஸ்டேடியத்தில் 400 மீட்டர் 8 தடவை, ஒவ்வொன்றும் 2 நிமிடத்தில். ஞாயிறு 14 கிமீ. மற்ற நாள் 5 கிமீ. போன் ஆப் போட்டுக் கொடுத்த அட்டவணை.

தொந்தரவு இடது கெண்டைக்காலில். முதல் 3 கிமீ ஒன்றும் தெரியாது. அப்புறம் உள்ளே ஆழத்தில் இறுகிக்கொண்டே வந்து நடக்க வைத்துவிடும். ஒரு வாரம் சும்மா இருந்தால் சரியாகிறது, 400 மீட்டர் தொடங்கினால் மறுபடி அதே இடம். வீக்கம் இல்லை.

டெல்மிசார்ட்டான் பிரஷர் மாத்திரை உண்டு, சுகர் இல்லை. 220-இல் வயதைக் கழித்தால் 162 வருகிறது, ஆனால் வாட்ச் சில நாள் 171 காட்டுகிறது. அதைத் தாண்டக் கூடாதா? ஓடும் முன் ஒரு டைக்ளோபினாக் போட்டால் கால் பிடிக்காது என்று கூட ஓடுகிறவர் சொல்கிறார். செய்யலாமா?

ரெட்டியார்பட்டி மேடு

அண்ணாச்சி, அட்டவணையப் பாத்ததுமே கால் ஏன் பிடிக்குதுன்னு தெரிஞ்சுபோச்சு. 10 கிமீ 61 நிமிஷம் ஓடுறவருக்கு 5 கிமீ சுமாரா 29:15 வரும். கிலோமீட்டருக்கு 5:51. அந்த வேகத்துல 400 மீட்டருக்கு 2:20 ஆகும். நீங்க ஓடுறது 2:00. அந்த வேகம் உங்க 21 கிமீக்கு எதுக்கும் உதவாது. முன்பாதத்துல குத்தி எழும்பி எழும்பி கெண்டைய இழுக்கிறதுதான் மிச்சம். அதையும் 48 மணி நேரத்துல ரெண்டாந்தடவ செய்றீங்க.

வயசு ஏறுனா தம் போயிரும்னு எல்லாரும் நினைக்காங்க. தம் அவ்வளவு லேசுல போகாது. ஓடாம இருக்கவங்களுக்குப் பத்து வருஷத்துக்கு சுமார் 10 சதம் குறையிற ஆக்சிஜன் திறன், விடாம ஓடுறவங்களுக்கு ஏறக்குறைய அதுல பாதிதான் குறையும். முதல்ல போறது ரெண்டு: அடிபட்ட தசை திரும்பத் தேறுற வேகம், கெண்டையோட பலம். 30 வயசுக்காரன் செவ்வாய்க்கிழமை வேகமா ஓடி வியாழக்கிழமை தேறிருவான். நமக்கு 72 மணி நேரம் வேணும். அது புரியாம போட்ட அட்டவணை எதுவும் உங்க காலுக்கு ஆகாது.

அதனால வாரக் கணக்க விட்டுட்டு 9 நாள் சுத்துக்கு வாங்க. முதல் நாள் நீள ஓட்டம், அடுத்த நாள் நடை மட்டும், மூணாம் நாள் 6 கிமீ மெதுவா. நாலாம் நாள் வேகம்: 15 நிமிஷம் மெதுவா ஓடிட்டு, 1 கிமீ ஓட்டம் 4 தடவ, ஒவ்வொண்ணும் 5:55-லருந்து 6:05-க்குள்ள, நடுவுல 3 நிமிஷம் நடை. அஞ்சாம் நாள் கால் பயிற்சி, ஆறாம் நாள் 7 கிமீ மெதுவா. ஏழாம் நாள் 8 நிமிஷ ஓட்டம் 3 தடவ, 6:15-லருந்து 6:20 வேகத்துல, நடுவுல 2 நிமிஷம் மெல்லோட்டம். எட்டு ஓய்வு. ஒன்பதாம் நாள் 6 கிமீ, கடைசியில 15 விநாடி வீசி ஓடுறது 4 தடவ, முழு வேகம் வேண்டாம். மெதுவான்னு நான் சொல்றது 7:15-லருந்து 7:45. பக்கத்துல ஓடுறவர்ட்ட ஒரு முழு வாக்கியம் மூச்சு வாங்காம பேச வரணும்.

நீள ஓட்டத்த ஒவ்வொரு சுத்துலயும் 1 கிமீ கூட்டுங்க, மூணாவது சுத்துல 12-க்கு இறக்குங்க. 20 வாரத்துல 15 சுத்து கிடைக்கும். 19 கிமீ வரை போனாப் போதும். கடைசி நீளத்துக்கும் ரேஸுக்கும் நடுவுல 2 வாரத்துக்குக் குறையக் கூடாது. கடைசி கடுமையான ஓட்டம் 10 நாள் முன்னால.

கனடாவுல எட் விட்லாக்னு ஒருத்தர், 2004-ல 73 வயசுல 42.2 கிமீய 2:54:48-ல ஓடுனார். அவர் பயிற்சி முக்கால்வாசி கல்லறைத் தோட்டத்தச் சுத்தி மணிக்கணக்கா மெதுவா ஓடுனதுதான். வேகத்துக்கு அடிக்கடி சின்ன ரேஸ் ஓடிக்கிட்டார். அத அப்படியே காப்பியடிக்க வேண்டாம், அவரோட எலும்பு வேற. ஆனா 58 வயசுல 400 மீட்டர 2 நிமிஷத்துல ஓடணும்னு விதி ஒண்ணும் கிடையாதுங்கிறதுக்கு அவரே சாட்சி.

குதிநாண்

கெண்டைக்காலில் இரண்டு தசைகள். மேலே உருண்டையாகத் தெரிவது ஒன்று. அதற்கு அடியில் தட்டையாக, முழங்காலுக்குக் கீழே தொடங்குவது இன்னொன்று. நீங்கள் சொல்வது (3 கிமீக்குப் பிறகு, ஆழத்தில், சிறுகச் சிறுக இறுகுவது) பெரும்பாலும் அடித்தசை. வீட்டிலேயே பார்த்துவிடலாம். சுவரைப் பிடித்து ஒற்றைக் காலில் நின்று, முழங்காலை நேராக வைத்துக் குதிகாலைத் தூக்குங்கள். பிறகு முழங்காலை மடக்கிய நிலையிலேயே தூக்குங்கள். மடக்கும்போது மட்டும் வலித்தால் அடித்தசை. வலி இல்லாவிட்டாலும் எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள். வலது 22, இடது 11 என்று வந்தால் காரணம் கையில் கிடைத்துவிட்டது.

ஓய்வில் சரியாவதும் ஓடினால் திரும்புவதும் ஏன் என்றால், ஓய்வு வலியைத்தான் ஆற்றும், பலத்தைக் கூட்டாது. ஐந்தாம் நாள் நடந்தால் வலிக்காது. ஆனால் கிழிந்த நுண்ணிழைகள் அப்போதுதான் ஒட்டத் தொடங்கியிருக்கும். அந்த நாளில் வேக ஓட்டம் போனால் பழைய இடமே திறக்கும்.

செய்ய வேண்டியது: படிக்கட்டு விளிம்பில் முன்பாதம் வைத்து, இரண்டு காலால் ஏறி, இடது காலால் மட்டும் 3 விநாடி எடுத்து மெதுவாக இறங்குவது. முழங்கால் நேராக 15, மடக்கி 15, இப்படி 3 முறை. ஒருநாள் விட்டு ஒருநாள், வலது காலுக்கும் சேர்த்து. பின்குதிகால் நாணிலேயே வலி இருப்பவர்களுக்கு இதையே தினம் இருவேளை 12 வாரம் செய்யச் சொல்வது வழக்கம். உங்களுக்குத் தசைதான் என்றால் அவ்வளவு தேவையில்லை. 15 எளிதாகிவிட்டால் முதுகில் பள்ளிக்கூடப் பை மாட்டி 1 கிலோ உப்புப் பாக்கெட்டை ஒவ்வொன்றாகச் சேருங்கள். எடை எவ்வளவு என்று ஊகிக்க வேண்டியிருக்காது. 10 கிலோ வரை போகலாம். இதில் வழக்கமாக நடக்கும் தப்பு, வலி நின்றதும் மூன்றாவது வாரத்தில் பையைக் கழற்றி மூலையில் போடுவது. 50 தாண்டியவருக்கு இது பல் துலக்குவது போல. ரேஸ் முடிந்தாலும் வாரம் 2 நாள் தொடரணும்.

திரும்ப ஓடத் தொடங்க மூன்று சோதனை: 30 நிமிடம் வேக நடையில் வலி இல்லை, ஒற்றைக் காலில் 20 தடவை குதிகால் தூக்கம், அதே காலில் 10 குதி. மூன்றும் தேறினால் 1 நிமிட ஓட்டம், 1 நிமிட நடை என்று 20 நிமிடம். ஓடும்போது 0 முதல் 10 வரை வலியை அளந்தால் 3-க்குள் இருக்கணும், மறுநாள் காலை எழுந்து வைக்கும் முதல் அடியில் கூடியிருக்கக் கூடாது.

ஷூவையும் பாருங்கள். குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் 8 முதல் 10 மிமீ உயர வித்தியாசம் உள்ளது இப்போதைக்கு நல்லது. தட்டையான ஷூ சுமையைக் கெண்டைக்கும் நாணுக்கும் தள்ளும். ஸ்டேடியத்தில் எப்போதும் இடச்சுற்று மட்டும் ஓடாமல், கூட்டம் இல்லாத நேரத்தில் வெளி வரிசையில் வலச்சுற்றும் ஓடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. கெண்டை வீங்கி, சூடாகி, ஓடாமலே வலித்தால், அதுவும் இரவு முழுக்க பஸ்ஸில் காலைத் தொங்கவிட்டு வந்த மறுநாள் என்றால், நீவிவிடக் கூடாது. ரத்தக்கட்டியாக இருக்கலாம், அன்றே டாக்டரைப் பார்க்கணும்.

மாத்திரை அட்டை

முதலில் டைக்ளோபினாக்: வேண்டாம். ஓடும் நேரத்தில் ரத்தம் காலுக்குப் போவதால் சிறுநீரகத்துக்கு வரத்து ஏற்கெனவே குறைவு. டெல்மிசார்ட்டான் வகை மாத்திரை, வியர்வையில் நீரிழப்பு, இதோடு வலி மாத்திரையும் சேர்ந்தால் சிறுநீரகம் படுத்துவிடும். உங்கள் அட்டையை எடுத்துப் பாருங்கள். மருந்தின் பெயருக்குப் பின்னால் 'ஹெச்' எழுத்து இருந்தால் அதில் நீர் பிரிக்கும் மருந்தும் சேர்ந்திருக்கிறது. அப்படியானால் ஆபத்து இன்னும் கூடுதல். அந்த நீர் மருந்து ரத்தத்தில் சோடியத்தையும் குறைக்கும். அதனால் ரேஸில் பயந்துகொண்டு அளவுக்கு மீறித் தண்ணீர் குடிப்பதும் கெடுதல். ரேஸ் அன்று மாத்திரையை எப்போது போடுவது என்பதை எழுதிக்கொடுத்த டாக்டரிடம் கேட்டு முடிவெடுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம்.

துடிப்பு: 220 கழித்தல் வயது என்பது கூட்டத்துக்கான சராசரி. 208-இல் இருந்து வயதின் 0.7 பங்கைக் கழிக்கும் கணக்கு மூத்தவர்களுக்கு ஓரளவு பொருந்தும். உங்களுக்கு 167. அதிலும் ஆளுக்கு ஆள் 10 கூடும், குறையும். ஆகவே 171 கடைசிக் கிலோமீட்டரில் வந்தால் அதுவே பெரிய விஷயமில்லை. மெதுவாக ஓடும் முதல் 10 நிமிடத்தில் 171 வந்தால் பெரும்பாலும் வாட்ச் உங்கள் காலடியை எண்ணுகிறது. பட்டையை மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரல் மேலே இறுக்கிக் கட்டுங்கள். நின்று கழுத்தில் விரல் வைத்து 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குங்கள். அதிலும் 170 வந்து, துடிப்பு தாறுமாறாக இருந்தால் இசிஜி எடுக்கணும். மெட்டோப்ரோலால், அடெனோலால் போன்ற, துடிப்பைக் குறைக்கும் மாத்திரை போடுகிறவர்களுக்கு எந்தச் சூத்திரமும் உதவாது, பேச்சுச் சோதனைதான்.

58 வயதில் பிரஷரோடு புதிதாக நேரக் குறி வைப்பவர் தொடங்கும் முன் டிஎம்டியும் (ட்ரெட்மில்லில் ஓடவிட்டு எடுக்கும் இசிஜி) எக்கோவும் (இதய ஸ்கேன்) எடுத்துவிடுவது நல்லது. டிஎம்டி சுத்தமாக வந்தாலும் அது வாழ்நாள் உத்தரவாதம் இல்லை. ஓடும்போது நெஞ்சு, தாடை, இடது தோள் இறுகினால், வழக்கமான வேகத்துக்கு வழக்கமில்லாமல் மூச்சு வாங்கினால் நிற்கணும். வாயு என்று சொல்லி இஞ்சி மரப்பா தேடக் கூடாது.

இன்னும் இரண்டு. காய்ச்சலுக்கோ சிறுநீர்த் தொற்றுக்கோ சிப்ரோபிளாக்சசின், லிவோபிளாக்சசின் எழுதினால், ஓடுகிறேன் என்று டாக்டரிடம் சொல்லுங்கள். அந்த வகை மருந்து குதிகால் நாணை அறுக்கக்கூடியது. 60 தாண்டியவர்களுக்கும் ஸ்டீராய்டு போடுகிறவர்களுக்கும் அந்த ஆபத்து கூடும். முழு உடல் பரிசோதனையை நீள ஓட்டத்துக்கு மறுநாள் வைக்காதீர்கள். தசைச் சேதத்தைக் காட்டும் சிகே கூடியிருக்கும், மாரடைப்புக்குப் பார்க்கும் டிரோபோனின்கூடக் கூடலாம், வீணாகப் பயமுறுத்திவிடும். ஒரு வாரம் இடைவெளி விடுங்கள்.

சமாதானபுரம்58

அட்டையைப் பார்த்தேன், 'ஹெச்' இருக்கிறது. டாக்டரிடம் கேட்டுவிடுகிறேன். மடக்கித் தூக்கினால் இடது 9, வலது 20. ஆக, காரணம் அதுதான்.

9 நாள் சுற்று வேலைக்கு ஒத்துவராது. எனக்கு நீள ஓட்டம் ஞாயிறு மட்டும்தான் முடியும். அப்புறம் இந்த ஆடிக்காற்றில் எந்த ரோட்டில் ஓடுவது? சாப்பாடு, தண்ணீர் பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

பொருநைக்கரை அக்கா

வேலைக்குப் போறவங்களுக்கு 9 நாள் சுத்து சரிப்படாது, அதுல நான் மேட்டுக்காரரோட ஒத்துப்போகல. 7 நாளே வச்சுக்கிடுங்க, ஆனா கடுமையான நாள் வாரத்துக்கு ஒண்ணு. ஞாயிறு நீளம், புதன் வேகம், செவ்வாயும் வெள்ளியும் மெதுவா. திங்கள், சனி ஓட்டமே கிடையாது, வியாழன் கால் பயிற்சி மட்டும். ஒரு புதன் 1 கிமீ ஓட்டம், அடுத்த புதன் 8 நிமிஷ ஓட்டம்னு மாத்திக்கிடலாம். மொத்தம் 35 கிமீக்கு இறங்கும், இறங்கட்டும். முதல் 4 வாரம் புதன்கிழமையும் வேகம் வேண்டாம், அந்த 9 வந்து 18 ஆகட்டும்.

ரோடு. ஆனியிலருந்து புரட்டாசி வரை மேல்காத்து. திருச்செந்தூர் ரோட்டுல கேடிசி நகர் தாண்டி கிருஷ்ணாபுரம் பக்கம் போனா, போகும்போது காத்து தள்ளிக்கொண்டு போகும். களைச்சுத் திரும்பும்போது முகத்துல அடிக்கும். அதனால நீள ஓட்டத்துக்கு மேலப்பாளையம் வழியா முன்னீர்பள்ளம், பத்தமடை ரோட்டப் பிடிங்க. எதிர்காத்துல போய், காத்தோட வரலாம். ஆனா வெயில் ஏறிட்டா இதுவே தலைகீழ். பின்காத்துல மேல காத்துப் படாது, வேர்வ காயாது, உடம்பு கொதிக்கும். 7 மணிக்குள்ள திரும்பணும், 5 மணிக்குக் கிளம்பிருங்க. எதிர்காத்துல 7:30 வேகத்தப் பிடிச்சு வைக்க வேண்டாம், மூச்சு அதே அளவுல இருந்தாப் போதும்.

இருட்டுல வலது ஓரம், வண்டிக்கு எதிர்முகமா. ரோடு ஓரத்துக்குச் சரிஞ்சுதான் இருக்கும். ஒரே ஓரத்துல 14 கிமீ ஓடுனா ஒரு காலுக்கு மட்டும் இழுவ கூடும். விடிஞ்சதும் வண்டி இல்லாத இடத்துல நடுப்பக்கம் வந்துக்கிடுங்க. பாளையங்கால்வாய்க் கரை மண் காலுக்கு இதம்தான், ஆனா தலைவிளக்கு இல்லாம அங்க இறங்கக் கூடாது, பாம்பு குறுக்க வரும். நாய் தொரத்துனா ஓடாம நின்னு, அது முகத்தப் பாத்தமேனிக்கு நடங்க. குனிஞ்சு கல்லெடுக்கிற மாதிரி பாவனை செஞ்சாலே பெரும்பாலும் விலகிரும். மேட்டுப் பயிற்சிக்கு ஜங்ஷன் ஈரடுக்குப் பாலத்துக்குப் போகாதீங்க, விடியக்காலைலயே பஸ் ஓடும். அதவிட ரெட்டியார்பட்டி பக்கம் நல்லது. அதுவும் கெண்டை தேறுன பிறகு.

தண்ணி: உங்க வேர்வைய நீங்களே அளந்துக்கிடலாம். 1 மணி நேரம் ஓடுறதுக்கு முன்னாலயும் பின்னாலயும் துணி இல்லாம எடை பாருங்க. 900 கிராம் குறைஞ்சு, நடுவுல 200 மிலி குடிச்சிருந்தா மணிக்கு 1.1 லிட்டர் வேர்வ. அத்தனையையும் ஓடும்போதே ஈடுகட்ட வேண்டாம். வயசானா தாகம் மந்தமாத்தான் தெரியும், அதனால நினைவு வச்சு 15, 20 நிமிஷத்துக்கு ஒரு தடவ 100 மிலி போல. ரேஸ் முடிஞ்சு எடை கூடியிருந்தா குடிச்சது அதிகம்னு அர்த்தம். ஓஆர்எஸ் 20.5 கிராம் பாக்கெட்டுக்கு 1 லிட்டர் தண்ணி. பாதித் தண்ணியில கரைச்சா நல்லா உறைக்கும்னு சிலர் செய்வாங்க, வயித்தக் கலக்கிரும். உங்களுக்குப் பிரஷர் இருக்கிறதால தினசரி ஓஆர்எஸ் தேவையில்ல, 90 நிமிஷம் தாண்டுற அன்னைக்கு மட்டும், அதுவும் டாக்டர்ட்ட கேட்டுட்டு.

சாப்பாடு: 4 இட்லியும் சாம்பாரும் தசைக்குப் பத்தாது. ஒரு இட்லியில 2 கிராம் புரதம்தான். 68 கிலோவுக்கு நாளைக்கு 80-லருந்து 110 கிராம் வேணும், சிறுநீரகத்துல கோளாறு இருந்தா டாக்டர் சொல்ற அளவு. ஒவ்வொரு வேளைக்கும் 25 கிராமுக்குக் குறையாம பிரிச்சுச் சாப்பிடணும், ராத்திரி மொத்தமா சாப்பிட்டா வயசான தசை அத முழுசா எடுத்துக்காது. 4 இட்லி, 2 முட்டை, 100 கிராம் அவிச்ச கொண்டைக்கடலைன்னா 29 கிராம் வந்துரும். முட்டை சாப்பிடாதவங்க உளுந்தம்பருப்புச் சோத்தையும் எள்ளுத் துவையலையும் ஞாயித்துக்கிழமையோட நிறுத்தாம நடுவாரத்துலயும் வைக்கச் சொல்லுங்க, கூட ஒரு கிண்ணம் தயிர்.

ஓடும்போது தின்ன 45 நிமிஷத்துல 1 பேரீச்சை, அப்புறம் 30 நிமிஷத்துக்கு 1 அல்லது 2. பெரிய பேரீச்சையில 15 கிராம் மாவுச்சத்துக்கு மேல இருக்கும். கருப்பட்டித் துண்டும் ஆகும், வாயில போட்டுத் தண்ணி குடிங்க. கடலை மிட்டாய் வேண்டாம், பல்செட்டுல ஒட்டிக்கிடும். அல்வா கொண்டுபோறவங்களையும் பாத்திருக்கேன். அதுல இருக்க நெய் 12-ஆவது கிலோமீட்டர்ல வயித்துல கல்லா கிடக்கும். எதுவானாலும் ஞாயித்து ஓட்டத்துல தின்னு பாக்காதத ரேஸுல தின்னக் கூடாது.

ரெட்டியார்பட்டி மேடு

வேலை இருக்கும்போது அக்கா சொல்றதுதான் சரி, 7 நாளே வச்சுக்கிடுங்க.

ரேஸ் கணக்கு மட்டும் சொல்லுதேன். 2:15-க்கு கிலோமீட்டர் 6:24. 10 கிமீ 61 நிமிஷத்துலருந்து கணக்குப் போட்டா 2:14:35 வருது, அதாவது இடைவெளி அரை நிமிஷம்தான். முதல் 3 கிமீய 6:35-ல போங்க, 16 வரை 6:23, அதுக்கப்புறம் 6:18. கூட்டி வந்தா 2:14:52. வாட்ச்ச நம்பாதீங்க. வளைவுல வெளிப்பக்கமா ஓடி, ஆள விலக்கி ஓடி, அது 21.3 கிமீ காட்டும். வாட்ச்சுல 6:20 ஓடுனாத்தான் ரோட்டோரக் கிலோமீட்டர் பலகைக் கணக்குல 6:24. பலகையத் தாண்டும்போது லேப் பட்டனக் கையால அமுக்குங்க, தானா அடிக்கிற லேப்ப அணைச்சு வைங்க. நவம்பர் கடைசியில ஒரு 10 கிமீ ஓடிப் பாருங்க. 62-க்கு மேல போச்சுன்னா குறிய 2:20 ஆக்கிருங்க.

சென்னை ஜனவரிக் காலை 21, 22 டிகிரி இருக்கும், நம்ம ஐப்பசி, கார்த்திகை மழை விட்ட காலை மாதிரி கசகசன்னுதான். அதனால அந்த மாசம் மழைன்னு சொல்லி ட்ரெட்மில்லுல ஓடாதீங்க. நனைஞ்ச சாக்ஸ்ல ஓடிப் பழகவும் அதுதான் நேரம். விரலிடுக்குல வாசலின் தடவிக்கிடணும்.

நெல்லை எக்ஸ்பிரஸ்ல சனிக்கிழமை காலை போய் எறங்கி, பிப் (நெஞ்சுல குத்துற நம்பர் அட்டை) வாங்க வரிசையில நின்னு, ஞாயிறு விடியக்காலை ஓடுனா ரெண்டு ராத்திரித் தூக்கம் போச்சு. வியாழன் ராத்திரி வண்டி பிடிங்க. மேல் பெர்த் வேண்டாம், நடுவுல எந்திரிச்சு நடக்க வசதியா கீழ் பெர்த் எடுங்க. பிப் வாங்க வயசுக்கு ஆதார் அசல் கேக்கலாம். நகல மட்டும் நம்பிப் போக வேண்டாம்.